பால் எச்சில்

அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் எவர்சில்வர் பாத்திரம் விழுந்துகொண்டே இருந்தது. கை தவறி விழவில்லை, வேண்டுமென்றே போட்டார்கள். சூசைராஜ் வீட்டுக் கூடத்துத் தூளியில் கிடந்த பச்சைப்பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள, பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு சோதனை செய்தார்கள். மீன்காரம்மா அலுமினியச் சட்டியைத் தட்டினாள். மாதா கோயிலில் மணி அடிக்கிறவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து ஆட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்கூட்டரை வாசல்படி வரைக்கும் ஏற்றி ஹாரனை அமுக்கினேன். பயல் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், மறுபடி தூங்கிவிட்டான். சத்தம் கேட்டுத்தான் முழித்தான் என்று ஒரு கட்சி, பசிக்கு முழித்தான் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் காபி குடித்துவிட்டுத்தான் கலைந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், தலத்தெருவிலேயே சத்தம் அதிகமான வீடு அதுதான். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, செல்வின் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறான். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போகிற லாரிகள் நசுங்கிய கதவும் கிழிந்த பக்கத் தகடுமாக அவன் வாசலுக்கு வந்து நிற்கும். அவன் தகட்டைக் கழற்றித் தரையில் போட்டுச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவான். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை டணார் டணார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் அப்பா சூசைராஜ் முப்பது வருஷம் அதே சுத்தியலைப் பிடித்தவர். அந்தச் சத்தத்திலேயே காது பாதி போய்விட்டது. செல்வினின் அக்கா ரீட்டா இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், மாவு மில்லில் வேலை. மெஷின் ஓட ஓட அதற்கு மேல் பேசிப் பழகியதால், ரகசியம் சொன்னாலும் நாலு வீடு தள்ளியிருக்கிற எனக்கு விளங்கும். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த சலோமி ஒருத்திதான் மெதுவாகப் பேசுவாள். அவளையும் வந்த ஒரு வருஷத்தில் கத்தப் பழக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்த முதல் நாள், பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் அவன் அசையாமல் தூங்கியதைப் பார்த்துத் தெருவில் எல்லாருக்கும் ஒரே பெருமை. பட்டறைக்காரன் பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று லாரி டிரைவர்கள் கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தத் தூக்கத்தைப் பார்த்துச் சலோமி மட்டும் வாய்விட்டு அழுதாள். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குச் செய்த காது பரிசோதனையில் இரண்டு காதுமே தேறவில்லை. அதை அந்த வீட்டு ஆட்கள் மட்டுமே அறிந்திருந்தார்கள். அவள் அழுததில் தெரு முழுக்கத் தெரிந்துபோனது. அன்றிலிருந்துதான் பாத்திரம் விழ ஆரம்பித்தது.

பிள்ளை பிறந்தது ஐப்பசி அடைமழையில். சலோமிக்குத் தாய் கிடையாது. பிரசவத்துக்குக் கூட இருந்தது ரீட்டாதான், மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தாய்க்குப் பால் ஊறவில்லை. பவுடர் பாலைக் கரைத்துச் சங்கில் புகட்டினால் பயல் நாக்கால் தள்ளித் தள்ளித் துப்பினான். ஆஸ்பத்திரி மாடி முழுக்க அவன் அழுகைதான். சலோமி தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து அவனை மார்பில் வைத்துப் பார்ப்பாள், அவன் இழுத்துப் பார்த்துவிட்டு ஏமாந்துபோய் இன்னும் கத்துவான், பிறகு இரண்டு பேருமாக அழுவார்கள்.

அதே மாடியில் கடைசிக் கட்டிலில் ஷிஃபா இருந்தாள். எங்கள் தெருப் பெண்தான், செல்வின் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து போவார். அவள் மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார். ஷிஃபா தாயார் சஃபியாவோடு பிறந்த வீட்டிலேயே இருந்து பெண் குழந்தை பெற்று அப்போதுதான் நாற்பது நாள் முடிந்திருந்தது. குழந்தை அர்ஷியாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டதால் சேர்த்திருந்தார்கள். ரீட்டா கத்துகிற பயலைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் நடந்தபோது ஷிஃபா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க்கா இப்புடி அழுவுறான்?"

"பசிங்குறேன். வேற என்ன? அவளுக்கு ஒரு சொட்டு ஊறல. மாவுப்பாலக் குடுத்தா எம்மூஞ்சியிலயே துப்புறான்."

ஷிஃபா இரண்டு கையையும் நீட்டினாள். ரீட்டா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வேறொருத்தி பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று சுவரில் படத்தோடு எழுதிப் போட்டிருந்தது. பயல் தோளில் வீறிட்டான். ரீட்டா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள்.

அவன் குடித்ததைப் பற்றி ரீட்டா பிறகு மாவு மில்லில் நின்று ஊருக்கே சொன்னாள். முதலில் மூச்சுவிடாமல் குடித்தானாம். அப்புறம் மூடியிருந்த கை மெல்ல விரிந்ததாம். கால் விரலெல்லாம் தளர்ந்து, வாயோரம் பால் வழிய அப்படியே தூங்கிப்போனானாம். ரீட்டாவுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சலோமிக்குத் தெரிய வேண்டாம், ஏற்கெனவே பால் இல்லை என்று அழுதுகொண்டிருக்கிறாள், இது தெரிந்தால் இன்னும் உடைந்துவிடுவாள் என்று ஷிஃபாவிடம் கெஞ்சினாள். உம்மா சஃபியாவிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்றாள் ஷிஃபா. எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ரீட்டா அடக்கிவிட்டாள். அதன் பிறகு பயல் வாயைத் திறந்தாலே, பிள்ளைக்கு வெளிச்சம் காட்டிவிட்டு வருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மழையில் என்ன அண்ணி வெளிச்சம் என்று சலோமி ஒருமுறை கேட்டிருக்கிறாள். காதில் விழாதது மாதிரி ரீட்டா நடையைக் கட்டினாள்.

காது பரிசோதனை தேறாத அன்று டாக்டர் சிவப்ரியா வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பிறந்த பிள்ளைக்குக் காதில் நீரோ அழுக்கோ இருந்தாலும் இப்படிக் காட்டும், ஒரு மாதத்துக்குள் மறுபடி பார்ப்போம். ஆனால் கருவில் இருக்கும்போதே ஒரு கிருமி தொற்றியிருந்தாலும் காது பாதிக்கும். அதை இப்போதே பார்த்துவிட்டால் நல்லது. ஊசியெல்லாம் கிடையாது, பிள்ளையின் எச்சிலைக் கொஞ்சம் எடுத்து அனுப்பினால் போதும்.

எச்சிலைப் போய் ஊர்விட்டு ஊர் அனுப்புவார்களா என்று சூசைராஜ் வாயைப் பிளந்தார். அவர் காலத்தில் எச்சில் என்றால் கை கழுவுகிற சமாசாரம். அதில் கிருமியும் தெரியும், பரம்பரையும் தெரியும் என்று செல்வின் அவர் காதில் கத்தி விளக்கினான். அதற்கப்புறம் அவர் பேரன் வாயோரம் வழிகிற எச்சிலைத் துடைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டை ஒரு மரியாதையோடு மடித்து வைத்தார்.

நர்ஸ் பஞ்சு சுற்றிய நீளக் குச்சியோடு வந்தாள். எடுப்பதற்கு முன்னால் கடைசியாக எப்போது தாய்ப்பால் கொடுத்தீர்கள், ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்டாள். சலோமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ரீட்டா முந்திக்கொண்டு, "எங்க சிஸ்டர், இவளுக்குத்தான் ஊறவே இல்லியே" என்றாள். அது பொய்யும் இல்லை. பயல் கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் கடைசிக் கட்டிலிலிருந்து வயிறு நிறைந்து வந்திருந்தான். நர்ஸ் குச்சியைக் கன்னத்துக்குள் விட்டு, பஞ்சு நனைகிற வரைக்கும் மெதுவாகச் சுழற்றினாள். அவன் அதையும் சப்பிச் சப்பிப் பார்த்தான். நனைந்த பஞ்சைக் குழாயில் போட்டு, மூடி, பேர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். இவ்வளவு சமர்த்தாக யாரும் கொடுத்ததில்லை என்று பாராட்டு வேறு.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாளில் டாக்டரிடமிருந்து போன் வந்தது. எச்சிலில் கிருமி இருக்கிறது. அதற்காக முடிவு கட்டிவிட வேண்டாம், சிறுநீரையும் பார்த்தால்தான் உறுதி, உடனே கொண்டுவாருங்கள் என்றார். அதிலும் இருந்தால் மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டிவரும், அடிக்கடி பிஞ்சு உடம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். அப்படியும் காது எவ்வளவு திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது. எச்சில் எடுத்த அன்று தாய்ப்பால் குடித்திருந்தானா என்று இன்னொரு முறையும் கேட்டார். எனக்குத்தான் பாலே இல்லையே டாக்டர் என்று சொல்லிவிட்டுச் சலோமி போனைச் செல்வினிடம் நீட்டினாள்.

அன்றைக்கே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒட்டுப் பை கட்டிச் சிறுநீர் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மழையில் ரோடெல்லாம் தண்ணீர், பாண்டிச்சேரிக்குப் போய் முடிவு வர நாளாகும் என்றார்கள். செல்வின் அன்றோடு சுத்தியலைக் கீழே வைத்தான். பிள்ளைக்குக் காது கேட்டால் தொந்தரவு, கேட்காவிட்டால் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் தனக்கே விழுகிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னான். வாசலில் லாரிகள் வரிசை கட்டின. டிரைவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கரித்தூள் மழையில் கரைந்து தெரு முழுக்கக் கறுப்பாக ஓடியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது, அது யாருக்கும் பிடிக்கவில்லை.

சலோமி தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். ஆறாம் மாசத்தில் வந்த காய்ச்சலா, ஊர்வலத்தில் நனைந்ததா, எது பிள்ளையைப் பிடித்தது என்று கேட்டு மாய்ந்தாள். ரீட்டா அவளைத் தேற்றுவதற்கு ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தாள். சமையல். பயல் வேறு வழியில்லாமல் பவுடர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கப் பழகியிருந்தான், ஆனாலும் தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று பூண்டை உரித்து உரித்து அவள் நகக்கண்ணெல்லாம் எரிந்தது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அதற்கெல்லாம் மேலே பால்சுறா. மழைக்குக் கடலில் யாரும் இறங்கவில்லை. ஆனாலும் திருவேட்டக்குடி மீன்காரம்மா எங்கேயோ சொல்லி வைத்து ஒரு காலையில் இரண்டு பால்சுறாவைக் கொண்டுவந்து, இது பிள்ளைக்காரிக்கு என்று சட்டியில் போட்டுவிட்டுப் போனாள். ரீட்டா அதை வேகவைத்துத் தோலுரித்து, முள் இல்லாமல் உதிர்த்து, மஞ்சளும் பூண்டும் வெங்காயமும் போட்டுப் புட்டாகக் கிளறினாள். மணம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. சலோமி அழுதுகொண்டே சாப்பிட்டாள், நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் வாங்கியும் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டில் ஒரு கூச்சல். நாங்கள் எல்லாரும் என்னவோ ஏதோ என்று ஓடினோம். சலோமிக்குப் பால் சுரந்துவிட்டது. ரீட்டாதான் கத்தினாள். சூசைராஜ் விஷயம் விளங்காமலே கை தட்டினார். சலோமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தலை நிமிராமல் சிரித்தாள். காது விஷயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு பொழுது அந்த வீட்டில் யாரும் அதை நினைக்கவில்லை. சூசைராஜ் மட்டும் சாப்பிட உட்கார்ந்தபோது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தன் மனசில் இருந்ததைச் சொன்னார்.

"கேக்காட்டி என்னடா இப்ப? நம்ம வீட்ல எவனுக்கு முழுசாக் கேக்குது? நான் ஒங்களயெல்லாம் வளக்கலியா? கையக் காட்டிப் பேசுவோம். அவன் நம்ம புள்ளடா."

செல்வின் எழுந்துபோய்ப் பட்டறையில் நின்றுகொண்டான்.

இதற்குள் எதிர்வீட்டில் வேறொன்று நடந்தது. அர்ஷியாவுக்குச் சளி தீர்ந்து ஷிஃபாவும் வீட்டுக்கு வந்திருந்தாள். தூளிப் பிள்ளையைப் பற்றித் தெருவில் பேசுவதையெல்லாம் கேட்டு அவளுக்கு மனசு நிற்கவில்லை. ஒரு காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சஃபியா நல்ல உயரமான, சத்தம் போடாத மனுஷி. மகள் சொன்னதைக் கேட்டதும் கோபப்படவில்லை. வயிறு நிறையக் கொடுத்தாயா, ஒரு தடவையா பல தடவையா என்று இரண்டு கேள்வி கேட்டாள். பல தடவை என்றதும் அடுப்பைப் பற்றவைத்தாள். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுத் தம்ரூட் செய்து, சுடச்சுடத் துண்டு போட்டு, தட்டைப் பட்டுத் துணியால் மூடி, ஒரு சோடிச் சின்னச் சட்டையும் வைத்து எடுத்துக்கொண்டு மகளோடு தெருவைக் கடந்தாள். மழை விட்டிருந்தது. செல்வின் வாசலில் டிரைவர்களோடு நானும் நின்றுகொண்டிருந்தேன்.

கூடத்தில் நுழைந்ததும் அவள் ரீட்டாவைத்தான் பார்த்தாள். ரீட்டாவின் முகம் அடுப்புச் சாம்பல் மாதிரி வெளுத்தது. உள்ளே வாங்க அக்கா, அப்புறம் பேசலாம் என்று கையைப் பிடித்துச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்தாள். சஃபியா அசையவில்லை.

"அப்புறம் பேசுற பேச்சில்ல ரீட்டா இது. நாலு பேரு இருக்குற எடத்துல சொல்ற பேச்சு" என்றாள். பிறகு சலோமி பக்கம் திரும்பினாள். "சலோமி, ஒம்புள்ளைக்கு எம்மவ பால் குடுத்திருக்கா. ஆஸ்பத்திரில, பசியில அழுதப்ப. ஒரு தடவ இல்ல. அதனால எம்பேத்தி அர்ஷியாவும் ஒம்புள்ளயும் இனிமே அக்கா தம்பி. நாளக்கி வளந்து நிக்கிறப்ப ஒருத்தர ஒருத்தர் கட்டிக்கக் கூடாது. எங்க மார்க்கத்துல அப்புடித்தான். இத மறச்சு வக்கிறது பெரிய தப்பு. அதான் இனிப்போட வந்தேன்."

பின்னாலேயே நாங்களும் கூடத்துக்குள் வந்திருந்தோம். கல்யாணம் வரைக்கும் போய்விட்ட பேச்சை எட்டிப்பிடிக்க எங்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சூசைராஜ் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார், யாரும் சொல்லவில்லை. ஷிஃபா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சலோமி நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சம் காட்டப் போறேன்னு போனது இதுக்குத்தானா அண்ணி?"

"சலோமி, அவன் பசியில துடிச்சாம்மா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஒங்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான்..."

"தாங்கியிருப்பேன். எம்புள்ள வயிறு நெறஞ்சிச்சின்னா தாங்க மாட்டேனா?"

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று தலையை நிமிர்த்தினாள். "எச்சி எடுத்த அன்னிக்கி?" என்று கேட்டாள். ரீட்டா பின்வாங்கிச் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டாள். ஷிஃபாதான் பின்னாலிருந்து, "அப்பத்தான் குடுத்து அக்கா கையில தந்தேன். சிஸ்டர் வந்துட்டாங்க" என்றாள்.

சலோமி பிள்ளையைச் சஃபியாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். டாக்டர் எடுத்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். போனை எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்திருந்தாள்.  அந்தப் பக்கம் டாக்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோபமும் சிரிப்பும் கலந்த சிரிப்பு.

"ஏம்மா, நான் ரெண்டு தடவ கேட்டனே! அந்தக் கிருமி நம்ம ஊர்ல பாதிக்கு மேல ஆளுங்க ஒடம்புல சும்மாக் கெடக்குறது. தாய்ப்பால்ல வரும். குடிச்ச உடனே எச்சில எடுத்தா அதுதான் காட்டும். பாலுல இருந்தத நான் புள்ள எச்சில்ல இருக்குன்னு நெனச்சிருப்பேன்."

பாலில் வந்த கிருமியால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று சலோமி கேட்டாள். நிறைமாதப் பிள்ளைக்கு அது ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். ஆனால் வேறு நோய்கள் பாலில் வரக்கூடும், அதற்காகத்தான் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம், ஷிஃபாவின் பேறுகாலப் பரிசோதனை எல்லாம் எங்களிடமே சுத்தமாக இருக்கிறது, அது உங்கள் அதிர்ஷ்டம் என்று ஒரு பிடி பிடித்தார். சிறுநீர் முடிவு வரட்டும், அதுதான் பேசும், அதுவரைக்கும் சந்தோஷப்பட வேண்டாம், அழவும் வேண்டாம் என்று போனை வைத்தார்.

அழ வேண்டாம் என்றதை எல்லாரும் கேட்டார்கள், சந்தோஷப்பட வேண்டாம் என்றதை யாரும் கேட்கவில்லை. தம்ரூட் தட்டைத் திறந்தார்கள். டிரைவர்களுக்குப் போய், எனக்கு வந்து, கடைசித் துண்டுக்குச் சூசைராஜும் மணி அடிக்கிறவரும் போட்டி போட்டார்கள். பேரனுக்கு அக்கா கிடைத்திருக்கிறாள் என்று யாரோ அவர் காதில் கத்தினார்கள். அவர் உடனே, "பேத்தியக் கொண்டாங்க பாப்போம்" என்று இரண்டு கையையும் நீட்டினார். ரீட்டா மட்டும் சமையல்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சலோமி அவளோடு பேசவில்லை. ஷிஃபாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற வயிற்றுக்கு அது வலிக்காமல் இருக்குமா? ஷிஃபாவும் அதைப் புரிந்துகொண்டு, அன்றிலிருந்து அந்த வாசலுக்கு வராமல் தன் வீட்டுக் கேட்டுக்குள்ளேயே நின்று பார்த்துக்கொண்டாள்.

சிறுநீர் முடிவு வந்தது. கிருமி இல்லை. செல்வின் அதைக் கேட்டதும் பட்டறைக்குள் ஓடி, எதைத் தட்டுவது என்று தெரியாமல் வெறும் பலகையைத் தட்டினான். இனி பாக்கி இருந்தது காது மட்டும்தான். கிருமி இல்லையென்றாலும் கேட்காமல் இருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் சந்தோஷத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

பரிசோதனை அறைக்குள் மூச்சுச் சத்தம் கூட இருக்கக் கூடாது, பிள்ளை தூங்க வேண்டும், இரண்டு பேர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அந்தக் குடும்பத்திடம் போய் இப்படிச் சொன்னால் என்ன செய்வார்கள்? சூசைராஜ் நடைபாதையில் நின்று, சத்தம் போடாதீங்க என்று எல்லாரையும் உரக்க அதட்டினார். செல்வின் உள்ளே போக எழுந்தான். சலோமி பிள்ளையை அணைத்துக்கொண்டு கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க வாங்க."

அத்தனை நாளில் அவள் ரீட்டாவிடம் பேசிய முதல் பேச்சு அது. ரீட்டா, நானா, என் வாய் சும்மா இருக்காதே சலோமி என்று பதறினாள். பிறகு முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. பயல் வயிறு நிறைந்து தூங்கினான். காதில் சின்னதாக ஒரு குமிழை வைத்தார்கள். ரீட்டா கண்ணையும் மூடிக்கொண்டுவிட்டாள். இடது காது தேறியது. வலது காதுக்கு மாற்றினார்கள். அதுவும் தேறியது என்று சோதித்த பெண் கட்டைவிரலைக் காட்டினாளாம். சலோமி ரீட்டாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். ரீட்டா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அவ்வளவுதான் தெரியும், அடுத்து நாங்கள் வெளியே கேட்டது மாவு மில் குரலில் ஒரு "மாதாவே!" தூங்கின பயல் தூக்கிவாரிப்போட்டுக் கையையும் காலையும் உதறிக்கொண்டு வீறிட்டான். இதற்கு மேல் என்ன பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் சிவப்ரியா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

அந்த அழுகை நிற்கவில்லை. ஆட்டோவில் வரும்போது அழுதான். தலத்தெருவுக்குள் திரும்பும்போதும் அழுதான். சலோமி பால் கொடுத்துப் பார்த்தாள், தட்டிக் கொடுத்தாள். இறங்கியதும் செல்வின் வாங்கி ஆட்டினான். சூசைராஜ் பாட்டே பாடினார். ரீட்டா பயந்துபோய், இனிமேல் மெதுவாகத்தான் பேசுவேன் என்று சத்தியம் செய்தாள். பயல் யார் பேச்சையும் கேட்கவில்லை. முகம் சிவந்து, நாக்கு நடுங்க, தெருவே கூடும்படி கத்திக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டுக் கேட்டுக்குள் ஷிஃபா அர்ஷியாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். வரவும் முடியாமல், பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாமல் நின்றாள். கடைசியில் அவளையும் மீறி வாய் திறந்துவிட்டது. அவர்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளை அப்பா என்கிற அர்த்தத்தில் வாப்பா என்றுதான் கொஞ்சுவார்கள்.

"என்ன வாப்பா? ஏன் அழுவுறீங்க? எங்க வாப்பாவ யாரு என்ன சொன்னா?"

உரக்கக் கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவரோடு பேசுகிற குரல்தான், ஆஸ்பத்திரியில் பால் குடித்தபோதெல்லாம் அவன் கேட்ட குரல். பயல் அழுகையைப் பாதியில் நிறுத்தினான். வாய் திறந்தது திறந்தபடி இருக்க, நெற்றியைச் சுருக்கி, கண்ணை அங்குமிங்கும் உருட்டிக்கொண்டு அந்தக் குரலுக்காகக் காத்திருந்தான்.  ஷிஃபாவுக்குத் தான் செய்தது அப்போதுதான் உறைத்தது. வாயை இறுக மூடிக்கொண்டு சலோமியைப் பார்த்தாள். நானும் சலோமியைத்தான் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு நொடி சுருக்கென்று ஏதோ வந்தது, போனது.

குரல் வராததால் பயலின் உதடு மறுபடி பிதுங்க ஆரம்பித்தது. சலோமி அவனைச் செல்வின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து கேட்டருகே போய் நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட ஷிஃபா? இன்னொரு தடவ கூப்புடு. எம்புள்ள கேட்டுக்கிட்டு இருக்கான்ல."